கீழ்வளவுக் கிணறும் நெருப்பு வரியும்

வெள்ளகோவிலிலிருந்து கரூர் போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் ஊர். பெயரைச் சொல்லப் போவதில்லை. இதில் வருகிறவர்களின் பேரன் பேத்திகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நல்லது கெட்டதுக்கு அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவன் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறோ முப்பத்தேழோ, அந்த வருஷம் பஞ்சாயத்து போர்டு, நெருப்பணைக்கிற வண்டியின் செலவுக்கென்று வீட்டு வரியோடு புதிதாக ஒரு வரியைச் சேர்த்தது. நெருப்பு வரி என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஓட்டு வீட்டுக்கு எட்டணா, கூரை வீட்டுக்கு ஒரு ரூபாய். கூரைதானே சீக்கிரம் பற்றிக்கொள்ளும், ஆகவே கூரைக்காரன் இரட்டிப்பாகக் கட்ட வேண்டும் என்பது போர்டின் நியாயம். ஓடு போட வழியில்லாதவனிடம் கூடுதலாகக் கறப்பதற்கு இப்படி ஒரு காரணம் கண்டுபிடித்தவர் யாரோ, கெட்டிக்காரர்தான்.

ஊரே கொதித்தது. எல்லோரையும்விட அதிகமாகக் கொதித்தவர் மேலத் தெரு குழந்தையம்மாள். புருஷன் போன பிறகு மூன்று ஓட்டு வீடுகளையும் ஒரு பருத்திக் கிடங்கையும் ஒற்றை ஆளாகக் கட்டி ஆண்டவர். நான்கும் சேர்த்து வரி கேட்டதும் அவருக்குத் தலை சுற்றிவிட்டது. எரியாத வீட்டுக்கு எதற்குக் காசு, எரிந்தால் நானே அணைத்துக்கொள்கிறேன், உங்கள் வண்டி என் வாசல் பக்கமே வர வேண்டாம் என்று போர்டு ஆபீஸ் முன்னால் நின்று சத்தம் போட்டார். ஓட்டு வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஏறக்குறைய அதையே மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஐயாசாமி மட்டும் வேறு மாதிரி சொன்னார். வண்டி என் வாசலுக்கு வந்தே ஆக வேண்டும் என்றார்.

ஐயாசாமி எனக்குப் பெரியப்பா முறை. கீழ்வளவுக்காரர். ஊருக்குக் கிழக்கே தள்ளி இருக்கிற எங்கள் குடியிருப்பை வளவு என்றுதான் சொல்வார்கள். அவருக்குக் கல் உடைக்கிற வேலை. மதுக்கரையில் சிமெண்டு ஃபாக்டரி எழும்பியபோது இங்கிருந்து கிளம்பிப் போய்ச் சுண்ணாம்புக்கல் காட்டில் வேலை பார்த்தார். திரும்பி வரும்போது கொஞ்சம் பணம் கொண்டு வந்தார், விடாத இருமல் ஒன்றும் கொண்டு வந்தார். போகும்போது இருந்த ஒரு வார்த்தையை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். கவுண்டர்களைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் ‘சாமி’ என்பார்கள். அவர் அதற்குப் பிறகு ‘ஏனுங்க’ என்றுதான் கூப்பிட்டார். ஒவ்வொரு பேச்சுக்கும் ‘ங்க’ போட்டுவிடுவார், ஆகவே மரியாதை இல்லை என்று யாரும் சண்டைக்கு வர முடியாது. ஆனால் ‘சாமி’ வரவில்லை என்பதை ஊரில் கவனிக்காதவர்கள் இல்லை.

அந்தப் பணத்தில் அவர் ஒரு வீடு கட்டினார். எங்கள் ஜனங்களுக்கு மனையும் கிணறும் கொடுக்க சர்க்கார் வைத்திருந்த லேபர் இலாகா கொடுத்த மனை, மண்சுவர், பனையோலைக் கூரை, காங்கயத்துத் தச்சர் செய்த மரக்கதவு. கீழ்வளவில் தன் பேரில் பட்டா உள்ள முதல் வீடு அது. அதற்கு முன் அதே இடத்தில் அவருடைய குடிசை இருந்தது. அவர் மதுக்கரையில் இருந்தபோது ஒரு பங்குனி மாதக் காற்றில் வளவு முழுக்கப் பற்றி எரிந்தது. அப்போது எங்களுக்குக் கிணறு கிடையாது. ஊர்க் கிணற்றடியில் ஒதுங்கி நின்று, யாராவது இறைத்து ஊற்றினால் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அன்றைக்கும் ஊற்றினார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். தூக்கிப் பிடித்து, எங்கள் குடத்தில் பட்டுவிடாமல், ஒவ்வொரு குடமாக ஊற்றினார்கள். நெருப்பு அதுவரை காத்திருக்கவில்லை. ஐயாசாமியின் பெண்சாதி சின்னத்தாயி பருத்தி எடுக்கப் போயிருந்தார். நடக்க முடியாமல் குடிசைக்குள் படுத்திருந்த சின்னத்தாயியின் அம்மா வெளியே வரவில்லை. இதைப் பற்றிப் பேச்சு வந்தால் சின்னத்தாயி எழுந்து போய்விடுவார், நாங்களும் பேசுவதில்லை.

அடுத்த வருஷம் லேபர் இலாகா எங்கள் வளவுக்கென்று ஒரு கிணறு வெட்டிக் கொடுத்தது. போர்டும் தன் பங்குக்கு ஒரு நெருப்பு வண்டி வாங்கியது. கீழ்வளவு எரிந்து உயிர்ச்சேதம் ஆனதை முன்னிட்டு என்று தீர்மானத்தில் எழுதித்தான் வாங்கினார்கள். கோயமுத்தூரில் ஏதோ ஒரு மில்லில் கழித்துப் போட்ட தள்ளுவண்டி அது. இரண்டு பக்கமும் நீளக் கைப்பிடி. இந்தப் பக்கம் நாலு பேர் அந்தப் பக்கம் நாலு பேர் நின்று மாற்றி மாற்றி அழுத்தினால், ஒரு கறுப்புக் குழாய் கிணற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும், இன்னொரு துணிக்குழாய் வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். குளத்தை ஒட்டிய ஊர் என்பதால் எங்கள் கிணறுகளில் தண்ணீர் மேலாகவே கிடக்கும், கறுப்புக் குழாய் எட்டிவிடும்.

மாதம் ஒரு தெருவில் டிரில் நடக்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், அந்தத் தெருக் கிணற்றில் குழாயை இறக்கி, ஏதாவது ஒரு வீட்டுக் கூரைமேல் தண்ணீர் அடித்துக் காட்டுவார்கள். மேலத் தெருவில் நடந்தது, கடைவீதியில் நடந்தது, செட்டியார் சந்தில் நடந்தது. ஒரு சுற்று முடிந்து மறுபடியும் மேலத் தெருவிலிருந்து ஆரம்பித்தார்கள். கீழ்வளவுக்கு வரவே இல்லை. ஆனால் வரிச்சீட்டு மட்டும் வந்தது, கூரை வீடு என்று ஒரு ரூபாய்க்கு.

ஐயாசாமி போர்டு பிரசிடெண்டைப் பார்க்கப் போனார். பிரசிடெண்டு தம்பிதுரைக் கவுண்டர் கெட்ட மனுஷர் இல்லை. எந்தக் காரியத்தையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிடும் பழக்கம் உள்ளவர், அவ்வளவுதான். தீப்பிடித்தால் வண்டி வராமல் போகுமா என்றார். வந்தால் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுப்பீர்கள் என்று ஐயாசாமி கேட்டார். கவுண்டர் சுற்றி வளைத்துப் பேசினார். கடைசியில் விஷயம் வெளியே வந்தது. கிணற்றில் இறக்குகிற கறுப்புக் குழாய் ஒன்றுதான் இருக்கிறது. வளவுக் கிணற்றில் நனைந்த குழாயை மறுநாள் மேலத் தெருக் கிணற்றில் எப்படி இறக்குவது? அந்தத் தண்ணீரைத்தானே அவர்கள் குடிக்கிறார்கள்? வண்டியை வேண்டுமானால் அனுப்பலாம், குழாயை அனுப்ப முடியாது என்றார் கவுண்டர். குழாய் இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு நெருப்புக்கு வேடிக்கை காட்டவா முடியும் என்று நான் இப்போது கேட்கிறேன். ஐயாசாமி அப்படிக் கேட்கவில்லை. அவர் நிதானமாகச் சொன்னது இதுதான்:

“வரின்னு வந்தா நாங்களும் ஊருங்க. தண்ணின்னு வந்தா மட்டும் வேறயுங்களா? கொழாய் எங்க கெணத்துல எறங்கட்டுங்க. எறங்கின அன்னைக்கே ரூவாயக் கட்டிப்போடறனுங்க.”

கவுண்டர் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷம் என்று அர்த்தம்.

ஐயாசாமி வரி கட்டாமல் இருக்கவே, போர்டு ஜப்திக்கு உத்தரவு போட்டது. வசூல் வேலை செங்கோடனுடையது. பில் கலெக்டர் என்பது உத்தியோகம். ஊரில் பில்லுக்காரர் என்பார்கள். காக்கிக் கோட்டும் தோல் பையுமாக இரண்டு பியூன்களோடு அவர் ஐயாசாமி வீட்டுக்கு வந்தார். வாசலுக்கு ரொம்பத் தள்ளி நின்றார். உள்ளே ஒரு பித்தளைக் குண்டா இருந்தது, கதவு திறந்திருந்ததால் அவர் கண்ணுக்கும் தெரிந்தது. அதை வெளியே கொண்டுவந்து வைக்கச் சொன்னார்.

ஐயாசாமி வாசலில் வந்து கும்பிட்டார். “ஜப்தி நீங்கதானுங்களே பண்ணோணும்? கதவு தொறந்துதானுங்க கெடக்குது. உள்ள வந்து எடுத்துக்குங்க” என்றார்.

செங்கோடன் பியூனைப் பார்த்தார். ஒரு பியூன் இன்னொரு பியூனைப் பார்த்தான். வளவு வீட்டுக்குள் யார் காலெடுத்து வைப்பது? வைத்தாலும் அந்தக் குண்டாவை யார் தொட்டுத் தூக்குவது? தூக்கிக்கொண்டு போனாலும் ஏலத்தில் யார் எடுப்பார்கள்? அவர்களுடைய ஆசாரமே ஐயாசாமியின் குண்டாவுக்குக் காவல் நின்றது. வெயில் ஏறுகிறவரை நின்று பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். வளவில் நாங்கள் சிரித்த சிரிப்பு குளத்து மேடுவரை கேட்டிருக்கும். ஐயாசாமி சிரிக்கவில்லை. அவருக்குக் குண்டாவைக் காப்பாற்றுவதில் அக்கறை இல்லை, வண்டி வரவேண்டும் என்பதுதான் கவலை.

சிரிப்புக்கு விலையும் இருந்தது. அந்த வாரத்திலிருந்து தோட்டத்துக்காரர்கள் யாரும் அவரைக் கல் வேலைக்குக் கூப்பிடவில்லை. யாரும் யாருக்கும் உத்தரவு போட்டதாகத் தெரியவில்லை. இப்படிப்பட்ட காரியங்களுக்கு உத்தரவு தேவைப்படுவதில்லை. அவர் விடியுமுன் கிளம்பி வெள்ளகோவிலைத் தாண்டிப் போய்க் கூலி தேடினார். இருமல் கூடியது. ஜின்னிங் ஃபாக்டரியில் பருத்தி பிரிக்கப் போன சின்னத்தாயியின் கூலியில்தான் உலை கொதித்தது. ஒரு நாள் சின்னத்தாயி பொறுக்க மாட்டாமல் கேட்டார். ஒரு ரூபாய்க்காக இப்படிப் பட்டினி கிடக்க வேண்டுமா, வீசி எறிந்துவிட்டு வேலையைப் பார்க்கக் கூடாதா என்று அழுதார்.

“கட்டிப்போட்டா வண்டி வருமா, சொல்லு” என்றார் ஐயாசாமி. “வரும்னு நீ சொன்னா இப்பவே போயிக் கட்டறேன். உங்காத்தாளுக்கு வராத தண்ணி உனக்காச்சும் வரோணும் புள்ள.”

சின்னத்தாயி அதற்குப் பிறகு வரியைப் பற்றிப் பேசவில்லை. அன்றைக்கும் எழுந்துதான் போனார், ஆனால் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து அவருக்குக் கஞ்சி ஊற்றினார் என்று பிற்பாடு அவரே எங்களிடம் சொன்னார்.

வளவில் மற்றவர்கள் ஜப்தியின் கதியைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக வரியை நிறுத்திக்கொண்டார்கள். எல்லோருமே கிணற்றுக்காகத்தான் நிறுத்தினார்கள் என்று நான் புளுகப் போவதில்லை. சிலருக்குக் கொள்கை, பலருக்குச் சௌகரியம். எப்படியோ, போர்டின் கணக்குப் புத்தகத்தில் கீழ்வளவு என்ற பகுதியில் வரவு என்ற இடம் காலியாகக் கிடந்தது. தணிக்கைக்கு மேலிருந்து வந்த ஆபீசர் இரண்டு கேள்வி கேட்டார். ஏன் இங்கே வசூல் இல்லை? ஏன் இங்கே டிரில் நடக்கவில்லை? பங்குனிக்குள் இரண்டும் ஒழுங்காக வேண்டும், இல்லாவிட்டால் பிரசிடெண்டுதான் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பிதுரைக் கவுண்டருக்கு இதை அடுத்த வருஷத்துக்குத் தள்ள முடியவில்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வளவுக்கென்று தனியாக இன்னொரு கறுப்புக் குழாய் வாங்கிவிடுவது. அதில் சிவப்புச் சாயம் அடித்து அடையாளம் வைப்பது. செலவை எல்லா வீட்டுக்கும் பிரித்து, நெருப்பு வரியில் வீட்டுக்கு இரண்டணா ஏற்றிவிடுவது. ஆசாரமும் கெடாது, ஆபீசரும் திருப்திப்படுவார். சாவடியில் கூட்டம் போட்டு இதை வாசித்தார்கள். எங்கள் ஆட்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்று கேட்டோம். ஐயாசாமியின் முகம் செத்துப்போய்விட்டது. குழாய்க்குத் தீண்டாமைக் குறி போட்டு, அந்தக் குறிக்கு அவரிடமே காசு கேட்கிறார்கள். இதைவிட வண்டி வராமலே இருக்கலாம் என்று என்னிடம் சொன்னார்.

அப்போது உள்ளே குழந்தையம்மாள் எழுந்தார். அவருக்கு வீடு மூன்று, கிடங்கு ஒன்று. இரண்டணாவை நான்கால் பெருக்க அவருக்குக் காகிதம் தேவையில்லை.

“ஏந் தம்பி, இன்னைக்கு அவிய கெணத்துக்கு ஒரு கொழாய்ங்கறீங்க. நாளைக்குச் செட்டியார் கெணத்துக்கு ஒண்ணு, சாயபு கெணத்துக்கு ஒண்ணும்பீங்க. எல்லாத்துக்கும் நாந்தான் அழுகோணுமா? இருக்கற கொழாய எல்லாக் கெணத்துலயும் உடுங்க. கழுவிப்போட்டா ஆச்சு.”

கூட்டத்தில் ஒருவர் அதுவும் சரிதான் என்றார். ரப்பர்தானே, செம்பா பித்தளையா, ரப்பருக்கு ஏது தீட்டு என்று இன்னொருவர் சாஸ்திரம் சொன்னார். இரண்டணா மிச்சமாகும் என்று தெரிந்ததும் சாஸ்திரம் தாராளமாக வளைந்துகொடுத்தது. எத்தனையோ பேர் எத்தனையோ நியாயம் பேசியும் அசையாதது, குழந்தையம்மாளின் கஞ்சத்தனத்துக்கு ஒரே சாயங்காலத்தில் அசைந்துவிட்டது. அந்த அம்மாளுக்கு எங்கள்மேல் பிரியம் ஒன்றும் கிடையாது. கூட்டம் முடிந்து போகும்போது வேப்பமரத்தடியில் நின்ற எங்களைப் பார்த்து, வழியை விட்டு நகர்ந்து நிற்கச் சொல்லிவிட்டுத்தான் போனார். இருந்தாலும் அவரை நான் திட்டுவதில்லை.

மாசி மாதம் வண்டி கீழ்வளவுக்கு வந்தது. ஒரு குழந்தை பாக்கி இல்லாமல் கிணற்றடிக்குப் போய்விட்டோம். குழாயை இறக்குகிற ஆள் ஒரு தரம் தயங்கினான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விட்டான். குழாய் தண்ணீரில் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. வளவுக்கு வர மறுத்துக் கைப்பிடியில் நாலு பேர் குறைந்ததால் எங்கள் ஆட்களே ஒரு பக்கம் நின்று அழுத்தினார்கள். ஐயாசாமி இருமிக்கொண்டே அழுத்தினார். தண்ணீர் சீறிக்கொண்டு போய் அவர் வீட்டு ஓலைமேல் விழுந்து, கூரையிலிருந்து வாசலெல்லாம் வழிந்தது. சின்னத்தாயி வாசலிலேயே நின்று முழுக்க நனைந்தார். நகரச் சொல்லிக் கூப்பிட்டோம், நகரவில்லை. அழுகிறார் என்று தெரிந்தது. இத்தனை தண்ணீர் இருந்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாளே என்று மட்டும் சொன்னார். ஆண்கள் கைப்பிடியை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

செங்கோடன் தோல் பையோடு கூடவே வந்திருந்தார். ஐயாசாமி சொன்ன சொல்லை மறக்கவில்லை. மடியிலிருந்து ரூபாயை எடுத்துக்கொண்டு அவர் எதிரே போய் நின்றார். எங்களிடம் காசு வாங்க ஒரு முறை இருந்தது. தரையில் வைத்துவிட்டு நாங்கள் விலகிக்கொள்ள வேண்டும். பில்லுக்காரர் அதன்மேல் தண்ணீர் தெளித்துவிட்டு எடுத்துக்கொள்வார். செங்கோடன் வழக்கம்போல் தரையைக் காட்டினார்.

ஐயாசாமி குனியவில்லை. ரூபாயை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். “கட்டறேன்னு சொன்னனுங்க, கட்டறனுங்க. இந்தாங்க. எங்க கெணத்துல எறங்கின கொழாய்க்கு ஒண்ணும் ஆகலீங்களே. வாங்கிக்குங்க.”

செங்கோடனின் முகம் சிவந்துவிட்டது. குழாய் இறக்கினவர்கள் வேறு பார்த்துக்கொண்டு நின்றார்கள். பையை மூடிக்கொண்டு போய்விட்டார். அதைப் பார்த்துவிட்டு வளவில் யாரும் தரையில் காசு வைக்கவில்லை. அவர் வசூலுக்கு வந்த போதெல்லாம் வீட்டுக்கு வீடு ஒரு கை நீண்டது, ஒவ்வொரு கையிலும் ஒரு ரூபாய் இருந்தது. கட்ட மாட்டோம் என்று நாங்கள் ஒருவரும் சொல்லவில்லை. அவர் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

பங்குனி நெருங்கியது. ஆபீசர் வரப்போகிறார், வரவு இன்னும் காலி. ஒரு நாள் உச்சி வெயிலில், வளவில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, செங்கோடன் தனியாக வந்தார். ஐயாசாமி இருமலோடு வீட்டில் இருந்தார். செங்கோடன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். பிறகு, எப்படியோ மனதைத் தேற்றிக்கொண்டு, கையை நீட்டினார்.

ஐயாசாமி ரூபாயை எடுத்துவிட்டு, அந்தக் கையைப் பார்த்துவிட்டு, தன் கையை மூடிக்கொண்டார். “நாளானிக்குச் சந்தைங்க. சந்தைக்கு வாரனுங்க, அங்க வாங்கிக்குங்க” என்றார்.

செங்கோடனுக்கு அழுகையே வந்துவிட்டதாம். அதைச் சொல்லும்போதும் ஐயாசாமி அவரைக் கேலி செய்யவில்லை. அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது, உத்தியோகம் போனால் என்ன செய்வார் என்றார். ஆனாலும் சந்தைக்குத்தான் வரச் சொன்னேன் என்றார்.

சந்தை அன்றைக்கு வளவு மொத்தமும் சாவடி முன்னால் போய் நின்றது. ஆட்டுக்காரர்கள், மிளகாய் வியாபாரிகள், மேலத் தெருக்காரர்கள் எல்லோரும் பார்க்க, ஐயாசாமி கையை நீட்டினார். செங்கோடன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கையிலிருந்து ரூபாயை எடுத்தார். விரல் பட்டது. ரசீதை அந்தக் கையிலேயே கொடுத்தார். பிறகு அடுத்த கை, அதற்கடுத்த கை. பக்கத்தில் ஆட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்ச நேரம் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு மறுபடியும் விலை பேசத் தொடங்கினார்கள்.

சாயங்காலம் செங்கோடன் வீட்டுக்குள் நுழையாமல் நேரே குளத்துக்குப் போய், கட்டிய துணியோடு தலை முழுகிவிட்டுத்தான் போனார் என்று செய்தி வந்தது. எங்கள் இளவட்டங்களுக்கு ஆத்திரம். நானும் குதித்தேன். இத்தனை நடந்தும் நம்மைத் தொட்டதற்குத் தலை முழுகுகிறானே, என்ன பிரயோசனம் என்று ஐயாசாமியிடம் போய்க் கேட்டோம். அவர் ரசீதை மடித்துக் கூரை இடுக்கில் செருகிக்கொண்டிருந்தார்.

“முழுகட்டும் கண்ணு” என்றார். “வரி வருசா வருசம் உண்டல்லோ. அவிய எத்தன வருசம் முழுகுவாங்கன்னு பாக்கலாம்.”